நாடுகளும் பழகித்தான் இணங்குகின்றன

பிள்ளை வீட்டிலும் பாடசாலையிலும் மற்றவர்களோடு பழகி ஒழுங்கு கற்பதைச் சமூகமயமாதல் என்று ஆசிரியர்களாகிய நாம் படித்திருக்கிறோம். நாடுகளும் அப்படிக் கற்குமா? நம் நாட்டவர் ஒருவரின் வரலாறு இதற்குப் பதில் சொல்கிறது.

ஐ.நா.வில் இலங்கையின் பிரதிநிதியாக இருந்த ஷேர்லி அமரசிங்க, 1973 இல் தொடங்கிய மூன்றாவது கடற்சட்ட மாநாட்டின் தலைவர். 130 க்கும் மேற்பட்ட நாடுகள் கூடின. கரையோர நாடுகள் 200 கடல் மைல் கேட்டன. வல்லரசுகள் நீரிணைகளில் தம் போர்க்கப்பல்களுக்குத் தடை கூடாது என்றன. கடலே இல்லாத நாடுகளும் பங்கு கேட்டன.

சிறிய நாடுகள் வாக்கெடுப்பில் வென்றுவிடலாம். ஆனால் கப்பற்படை வைத்திருப்பவன் அதை மதிக்க வேண்டுமே! அதனால் ஒரு 'கனவான் உடன்பாடு' செய்தார்கள்: இணக்கம் காணும் முயற்சிகள் எல்லாம் முடியும்வரை வாக்கெடுப்பு இல்லை.

நம் பள்ளிவாசல் மஷூறாக்களில் காண்பதுதான். கை உயர்த்தி முடிவெடுத்தால் தோற்றவர் வெளியே போய்க் குறை பேசுவார். எல்லோரும் பேசி முடிக்கும்வரை பொறுத்தால் முடிவு எல்லோருடையதாகும். கராகஸ், ஜெனீவா, நியூயோர்க் என்று ஆண்டுக்கணக்கில் அதே முகங்கள் சந்தித்தன. எதிர்த் தரப்பின் கஷ்டம் புரிந்தது. நோர்வேயின் ஜென்ஸ் எவென்சன் கூட்டிய முறைசாராக் குழுவில் பல முடிச்சுகள் அவிழ்ந்தன.

1977 இல் இலங்கையில் ஆட்சி மாறியது. 1978 ஜெனீவா அமர்வின்போது அமரசிங்க நம் தூதுக்குழுவில் இல்லை. தன் நாட்டையே பிரதிநிதித்துவம் செய்யாதவர் தலைமை தாங்கலாமா என்று நீண்ட விவாதம் நடந்தது. இறுதியில் மாநாடு அவரையே தலைவராக வைத்துக்கொண்டது. அந்த நம்பிக்கை பழக்கத்தில் வந்தது.

1980 டிசம்பரில் அவர் காலமானார். சிங்கப்பூரின் டொமி கோ பொறுப்பேற்றார். 1981 இல் வந்த றீகன் அரசு தன் தூதுக்குழுத் தலைமையை மாற்றி, வரைவை மீளாய்வு செய்ய வேண்டும் என்றது. பழகியவர்கள் போனால் பழக்கமும் போகும் என்பதற்கு இது சாட்சி. 1982 ஏப்ரலில் வாக்கெடுப்பு தவிர்க்க முடியாததாயிற்று: ஆதரவு 130, எதிர்ப்பு 4. எதிர்த்தவற்றில் அமெரிக்காவும் ஒன்று. ஆனால் அதே அமெரிக்கா 1983 மார்ச்சில் தனக்கும் 200 கடல் மைல் பொருளாதார வலயத்தை அறிவித்தது!

நம் மாணவர்களுக்கு 200 கடல் மைல் என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். அதற்குப் பின்னால் இருந்த ஒன்பது வருடப் பொறுமையையும், அந்த மேசையின் தலைமாட்டில் ஒரு சிறிய தீவின் மனிதர் இருந்ததையும் சேர்த்துச் சொல்வோம்.