ஏலச் செடியும் கட்டே நோயும்

மைசூரில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நாம், தேவராஜர் அங்காடிக்குச் சென்றால் ஏலக்காய் மணத்தை நுகராமல் திரும்புவதில்லை. இந்நகருக்கு மேற்கே, குடகிலும் ஹாசன் மாவட்டத்து மலைச்சாரல்களிலும் ஏலம் விளைகிறது. அத்தோட்டங்களுக்கு நெடுங்காலமாக ஒரு பகை உண்டு. கன்னட விவசாயிகள் அதனைக் ‘கட்டே’ என்பர்.

முதலில் இளந்தளிரில் வெளிறிய கீற்றுகள் தோன்றும். பின்னர் அவை கோடுகளாக நீளும். தூறு குன்றிக் காய்ப்பு அருகும். இந்நோய்க்குக் காரணம் வைரஸ் என்றும், அதனைப் பரப்புவது வாழை அசுவினி என்றும் 1945-இல் உப்பல், வர்மா, கபூர் ஆகிய மூவர் நிறுவினர். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர், அதன் ஆர்.என்.ஏ.யின் ஒரு பகுதியைப் படித்து, உருளைக்கிழங்கைத் தாக்கும் ‘ஒய்’ வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது அது எனக் கண்டனர்.

இத்துணைச் சிறிய பொருள் ஒரு செடியை எவ்வாறு ஆட்கொள்கிறது? வைரஸிடம் புரதம் செய்யும் கருவி ஏதும் இல்லை, ஆர்.என்.ஏ. என்னும் ஓலை மட்டுமே உண்டு. அவ்வோலையைப் படித்துப் புரதமாக்குவது செடியின் ரைபோசோம்களே. இப்பணியை அறிவியலார் ‘மொழிபெயர்ப்பு’ என்றே அழைக்கின்றனர். அத்தொழிலையே செய்யும் நமக்கு இச்சொல் தனிச் சுவை தருகிறது.

செடியின் சொந்த ஓலைகளுக்குத் தலைப்பில் ஒரு முத்திரை உண்டு. ‘4இ’ எனப்படும் புரதம் அம்முத்திரையைப் பற்றிக்கொண்டு, ஓலையை ரைபோசோமிடம் சேர்ப்பிக்கிறது. ஒய் வைரஸ் இனத்தின் ஓலைக்கு அம்முத்திரை இல்லை; அவ்விடத்தில் வைரஸின் புரதம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அது செடியின் 4இ வகைப் புரதத்தோடு இணைவதை, டர்னிப் செடியைத் தாக்கும் வைரஸில் 1997-இல் கண்டனர். வீட்டுக்காரனின் எழுத்தனையே திருடன் தன் பணிக்கு அமர்த்திக்கொள்வது போன்றது இது.

ஆயின் அவ்வெழுத்தன் இணங்காவிடில்? ஒய் வைரஸை எதிர்த்து நின்ற மிளகாய்ச் செடிகளில் 4இ புரதமே சற்று மாறியிருந்தது என்பது 2002-இல் தெரியவந்தது. செடிக்கு அம்மாற்றத்தால் கேடில்லை. வைரஸுக்கோ வழி அடைபட்டது.

கட்டே பிடித்த ஏலத்துக்கு மருந்தில்லை; தூறைப் பிடுங்கி அழிப்பதே வழி. எனினும், நோய் பரவிய தோட்டங்களில் தப்பி நின்ற செடிகளைத் தேர்ந்து, குடகின் அப்பங்களா ஆராய்ச்சி நிலையத்தார் ‘விஜேதா’ என்னும் வகையை அளித்தனர். அதன் வலிமை எங்குள்ளதாயினும், பகையை வெல்லும் வழி பெரும்பாலும் செடிக்குள்ளேயே இருக்கிறது என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.