கடமையே உருவானவர்

பணி ஓய்வு பெறுகிறவருக்கு அலுவலகத்தில் வாசித்துக் கொடுக்கும் வாழ்த்து மடலில் ஒரு வரி தவறாமல் இருக்கும். ஆங்கிலத்தில் என்றால் 'ஹி பர்சானிஃபைட் டியூட்டி'; தமிழில் என்றால் 'கடமையே உருவானவர்'. குமாஸ்தாவாக இருந்த காலத்தில் இப்படி எத்தனையோ மடல்களைத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். தினமும் பதினொன்றரைக்கு வந்து கையெழுத்துப் போட்டவரும் அந்த ஒரு மாலை மட்டும் கடமையின் உருவம் ஆகிவிடுவார். மாலை போட்டபிறகு யார் கணக்குப் பார்ப்பது?

அந்த 'பர்சானிஃபை' என்ற வினைச்சொல்லைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். பார்க்கச் சாதுவான சொல். ஆனால் ராஜா தலை உருண்ட சரித்திரம் ஒன்று அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிரெஞ்சில் படித்த எங்களுக்கு இது தெரிந்த முகம்தான். எங்கள் 'பெர்சொனிஃபியே'தான் கடல் கடந்து ஆங்கிலத்தில் 'பர்சானிஃபை' ஆயிற்று. வேர் லத்தீன் 'பெர்சோனா'. நாடகத்தில் நடிகன் மாட்டிக்கொள்ளும் முகமூடிக்கு அந்தப் பெயர். முகமூடி பிறகு பாத்திரம் ஆனது, பாத்திரம் பிறகு ஆள் ஆனது.

இந்தச் சொல் இரண்டு பக்கமும் ஓடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு குணத்துக்கு ஆள் உருவம் கொடுப்பது ஒன்று: நீதிக்குக் கையில் தராசு கொடுத்து ஒரு பெண்ணாக நிறுத்துவது மாதிரி. உயிரோடு இருக்கும் ஒரு ஆளைக் காட்டி, இவர்தான் அந்தக் குணம் என்று சொல்வது இன்னொன்று. வாழ்த்து மடல்காரர்கள் இரண்டாவது ரகம்.

இதற்கு ஆங்கிலத்தில் பங்காளிகளும் உண்டு. 'எம்பாடி' என்பது உடம்பு கொடுப்பது. ஆனால் கோப்புகளில் அது மனிதரைவிடக் காகிதங்களுக்குத்தான் அதிகம் பயன்படும். ஒப்பந்தத்தில் 'எம்பாடி' ஆகியிருக்கும் ஷரத்துகள் என்று எழுதுவோம். நம் பிரதேச ராணுவத்தில் வீரரைப் பணிக்கு அழைத்துக்கொள்வதற்கே 'எம்பாடிமென்ட்' என்றுதான் பெயர்! பிரெஞ்சில் நாங்கள் அதிகம் சொல்வது 'இன்கார்னே'. அதற்குள் இருப்பது சதை என்று பொருள்படும் லத்தீன் சொல். தேவன் மனிதனாகப் பிறந்ததற்கும் அதே சொல். சினிமாவில் ஒரு நடிகர் நெப்போலியனாக வருவதற்கும் அதே சொல்.

தமிழில் நமக்கு இந்த வினைச்சொல் அவ்வளவாகத் தேவைப்பட்டதில்லை என்பது என் எண்ணம். பேச்சில் ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறோம். அவன் கும்பகர்ணன், இவள் கொடுப்பதில் கர்ணன், அந்த மாமா சகுனி, பக்கத்து வீட்டுக்காரர் நாரதர். விளக்கு வைக்கிற நேரத்தில் தூங்குகிற பெண்ணுக்கு மூதேவி என்று வசவு விழும். 'வந்துட்டாரு அரிச்சந்திரன்' என்றால் அவர் பொய் சொல்கிறார் என்று குழந்தைக்கும் புரியும். இந்த நக்கல் ஆங்கில வினைச்சொல்லில் வராது. இலக்கணத்திலும் இடம் இருக்கிறது. கேளாதவை கேட்பது போலவும் பேசாதவை பேசுவது போலவும் சொல்லலாம் என்று நன்னூல் அனுமதிக்கிறது. அஃறிணைக்கு உயர்திணைச் சட்டை மாட்டலாம், தவறில்லை.

இனி அந்த ராஜா கதை. பழைய பிரான்சில் நாட்டுக்கு உருவம் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. ராஜாவே உருவம். 'நானே அரசு' என்று பதினான்காம் லூயி சொன்னதாக ஒரு கதை உண்டு. சொன்னதற்கு ஆதாரம் கிடையாது, ஆனால் அன்றைய நிலைமை அதுதான். அரசு முத்திரையில் சிம்மாசனத்தில் உட்கார்ந்த ராஜா இருப்பார். 1792 செப்டம்பர் 21-ம் தேதி முடியாட்சியை ஒழித்தார்கள். உடனே ஒரு குமாஸ்தாத்தனமான கேள்வி எழுந்தது: இனி முத்திரையில் யாரைப் போடுவது?

எந்தத் தலைவர் முகத்தையும் போடவில்லை. பாதிரியார் கிரெகுவார் யோசனை சொல்ல, சுதந்திரத்தை ஒரு பெண்ணாக வடித்து, ஈட்டி முனையில் சிவப்புக் குல்லாய் வைத்துக் கையில் கொடுத்தார்கள். பண்டைய ரோமில் விடுதலை பெற்ற அடிமைக்குக் குல்லாய்தான் அடையாளம். பிரெஞ்சில் 'குடியரசு', 'சுதந்திரம்' இரண்டும் பெண்பால் சொற்கள். அதனால் உருவமும் பெண் ஆயிற்று. நான்கு மாதத்தில், 1793 ஜனவரி 21-ல், பதினாறாம் லூயியின் தலை விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு மரியான் என்ற பெயர் சேர்ந்துகொண்டது. அந்நாளில் மரி, ஆன் இரண்டும் வீட்டுக்கு வீடு இருந்த பெயர்கள். நம்மூரில் முனியம்மா என்பது போல. எதிரிகள் கேலிக்காகவும் அதைச் சொன்னார்கள். கேலி செய்த பெயரே நிலைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. குடியரசுக்கே உருவம் கொடுத்த பெண்ணுக்கு ஓட்டு கிடையாது! பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1944-ல், முதல் ஓட்டு 1945-ல். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் குடியரசாக நிற்கலாம், குடிமகளாகக் கேட்கக்கூடாது. உருவமாக நிறுத்துவது சில சமயம் ஓரமாக நிறுத்துவதும்தான்.

1940-ல் சொல் மறுபக்கம் திரும்பியது. பிரான்ஸ் தோற்றதும் மார்ஷல் பெத்தேன் வானொலியில் பேசினார். தன் 'பெர்சோன்' முழுவதையும், அதாவது தன்னையே, நாட்டுக்குக் காணிக்கையாகத் தருவதாகச் சொன்னார். பாருங்கள், அதே முகமூடிச் சொல். அதன்பின் 'குடியரசு' என்ற பெயரே போய் 'பிரெஞ்சு அரசு' ஆனது. பல நகராட்சிகளில் மரியான் சிலையை இறக்கினார்கள். தபால்தலையில் கிழவரின் முகம் ஏறியது. நம் புதுச்சேரி அந்த ஆண்டு செப்டம்பரில் கவர்னர் பொன்வேன் தலைமையில் தெ கோல் பக்கம் சேர்ந்துகொண்டது. நம் சொல்தாக்கள் பலர் அந்தப் படையில் போனார்கள்.

தெ கோல் மட்டும் என்ன? 1960 ஜனவரி 29-ல், அல்ஜீரியக் கலகத்தின்போது, ராணுவ உடையில் தொலைக்காட்சியில் தோன்றி, தேசத்தின் நியாயமான அதிகாரம் இருபது ஆண்டுகளாகத் தன்னில் உருவம் கொண்டிருப்பதாகச் சொன்னார். 'இன்கார்னே' என்ற சொல்லையே பயன்படுத்தினார். நான் அவர்மேல் மரியாதை உள்ளவன். இருந்தாலும் அந்த வாக்கியம் எனக்கு உறுத்தல்தான். கடமையே உருவானவர் என்று மற்றவர் மடல் வாசிக்கலாம். தானே மைக் பிடித்து வாசிப்பது வேறு விஷயம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: 1969-ல் மக்கள் வாக்கெடுப்பில் தோற்றதும் மறுநாளே பதவியை விட்டுப் போனார். பெத்தேன் அப்படிப் போகவில்லை.

விடுதலைக்குப் பின் தபால்தலைக்கு மரியான் திரும்பி வந்தாள். 1945-ல் வந்ததைச் செதுக்கிய பியேர் கந்தோன் தன் மனைவியின் முகத்தையே மாதிரியாக வைத்துக்கொண்டார். 1961-ல் கவிஞர் ழான் கொக்தோ வரைந்த மரியான் வந்தாள். பிரான்சிலிருந்து நம் தெருக்களுக்கு வந்த கடிதங்களின் மூலையில் பார்த்த அந்த முகங்கள் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். உறையைத் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்து எடுப்போமே!

அதுவரை அவள் யார் என்று ஊருக்குத் தெரியாது. 1969-ல் சிற்பி அஸ்லான், நடிகை பிரிழித் பர்தோவின் சாயலில் மார்பளவுச் சிலை செய்தார். பிறகு பாடகி மிரேய் மத்தியே, கத்ரீன் தெனேவ், 2000-ல் மாடல் அழகி லெத்திசியா காஸ்தா என்று வரிசையாக வந்தார்கள். பிரான்சில் நகராட்சிக் கட்டடங்களில் (நாம் மேரி என்கிறோமே, அதுதான், மாதாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) இன்றும் மரியான் சிலை இருக்கும். ஆனால் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் கிடையாது. வைப்பதானால் பர்தோவா, தெனேவா, இல்லை யாருடைய முகமும் இல்லாத பழைய மரியானா என்பது அந்தந்த ஊரின் விருப்பம்.