வெப் பக்கத்தை மூணு பத்தியா பிரிக்கணுமா? ஈஸி வழி இதோ!

சொந்தமா வெப்சைட் ஆரம்பிக்கப் போறீங்களா? நாளிதழ் மாதிரி இடப்பக்கம் மெனு, நடுவில் கட்டுரை, வலப்பக்கம் படங்கள் என மூன்று பத்திகளாகப் பிரிக்க ஆசை வருவது இயல்புதான்.

1990-களில் இதற்கு ஹெச்.டி.எம்.எல் டேபிளைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால், அது விவரப் பட்டியல்களுக்கான அட்டவணை. மொபைலில் திறந்தால் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும். இல்லையென்றால் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிக்கணும்.

இப்போ அந்தக் கஷ்டம் வேண்டாம். 2017-ல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் சி.எஸ்.எஸ் கிரிட் வந்துவிட்டது. மூன்று பத்திகளையும் உள்ளடக்கிய பெட்டிக்கு 'டிஸ்ப்ளே: கிரிட்' எனக் கொடுங்க. அடுத்து, 'கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ்' என்பதில் '1எஃப்.ஆர் 2எஃப்.ஆர் 1எஃப்.ஆர்' என எழுதுங்க. மொத்த அகலத்தின் நான்கு பங்கில், இரண்டு பங்கு கட்டுரைக்குக் கிடைக்கும். திரை 600 பிக்ஸலுக்குக் கீழே போனால் ஒரே பத்தி என மீடியா கொயரியில் சொல்லிடுங்க.

முக்கியமான விஷயம்... பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர், பொதுவாக கோடிங்கில் இருக்கும் வரிசையில்தான் வாசிக்கும். திரையில் பத்திகளை இடம் மாற்றினாலும் அந்த வரிசை மாறாது. அதனால், எதை முதலில் படிக்கணுமோ அதை முதலில் எழுதுங்க. அப்போதான் உங்கள் கட்டுரை எல்லோருக்கும் போய்ச் சேரும்!