பிணியாளர்க்குப் புகலிடம்: பொன்னி நாட்டு மரபு

ஈழத்துத் திருக்கோணமலையின் வடமேற்கே, கன்னியா என்னும் இடத்தில் சிறு சதுரக் கிணறுகள் ஏழு உள. ஏழிலும் வெந்நீரே ஊறுகின்றது. எனினும் ஒன்றன் வெம்மை மற்றொன்றன் வெம்மையோடு ஒவ்வாது. தன் தாயின் ஈமக்கடன் பொருட்டு இராவணன் வாளால் ஏழிடத்து ஊன்ற, நீர் பெருகிற்று என்பது அந்நாட்டார் வழங்கும் கதை. கோணேசப் பெருமானை வழிபடச் செல்வோர் அங்கு நீராடுதலும், பெற்றோர்க்கு இறுதிக்கடன் கழித்தலும் நெடுநாளைய வழக்கங்கள். உடற்பிணிக்கு அந்நீர் நன்று என்னும் நம்பிக்கையும் உண்டு.

சோழ வளநாட்டில் அத்தகைய ஊற்று இல்லை. காவிரி கொணர்ந்து பரப்பிய வண்டல் நிலம் இது; ஈண்டு ஊறுவது பெயருக்கேற்பத் தண்ணீரே. பாறையின் சூடு தானே மேலெழுந்து பிணியாளரை அழைக்கும் இடங்களில் மனிதர் செய்ய வேண்டியது சிறிது. வயலும் வாய்க்காலுமான நாட்டிலோ பிணியாளர்க்குப் புகலிடம் ஒன்று வேண்டுமாயின், அதனை மனிதரே அமைத்து, நாள்தோறும் நெல் அளந்து நடத்த வேண்டியதாயிற்று.

மயிலாடுதுறைக்கும் சீகாழிக்கும் இடையே அமைந்த புள்ளிருக்குவேளூரை அறியாத சைவர் இலர். சம்பந்தரும் அப்பரும் பாடிய பதி. தருமபுர ஆதீனத்தின் ஆட்சிக்குட்பட்டது. புள்ளாகிய சடாயுவும், இருக்கு வேதமும், வேளாகிய முருகனும், ஊராகிய சூரியனும் வழிபட்டமையால் அப்பெயர் வந்தது என்பர். பெருமான் மருத்துவனாய் வீற்றிருக்க, தையல்நாயகி தைலப் பாத்திரம் ஏந்தி உடனிருக்கின்றாள். தன்வந்திரிக்கும் அங்கே சந்நிதி உண்டு. செல்வமுத்துக்குமரன் மீது குமரகுருபர அடிகள் பிள்ளைத்தமிழ் இயற்றியதும் இத்தலத்தில்தான் பொருந்துகிறது. பிணியுற்ற மகவை மடியிற் கிடத்திய தாயர் வந்து நிற்கும் சந்நிதி அது.

சித்தாமிர்தக் குளத்தில் நீராடி, வெல்லம் கரைத்து, உப்பும் மிளகும் இட்டு வணங்குவது அங்குள்ள வழக்கம். திருச்சாந்துருண்டை என்னும் மருந்தும் அங்கே உண்டு. தலத்தின் மண்ணையும் ஓமகுண்டத்துச் சாம்பலையும் சித்தாமிர்த நீர் விட்டு முத்துக்குமரன் திருமுன் அரைத்து, சிறு உருண்டைகளாகத் திரட்டி, அம்மை திருமுன் வைத்து வழிபட்டு அடியார்க்கு வழங்குவர். இதனைக் கேட்டோர் மண்ணின் பெருமையையும் நீரின் பெருமையையும் பேசி அமைவர். அம்மியின்முன் அமர்ந்து அரைப்பவன் ஒருவன் உளன் என்பதை நினைப்பார் அரியர். அவனும் உண்ண வேண்டும். குளத்தைத் தூர்வாருவோனும், குண்டத்திற்கு விறகு கொணர்வோனும் உண்ண வேண்டும்.

இதனை நன்குணர்ந்தோர் சோழர். சுந்தரசோழன் திருமகளாரும் முதலாம் இராசராசனின் தமக்கையாருமாகிய குந்தவைப் பிராட்டியார், தஞ்சையில் தம் தந்தை பெயரால் அமைந்த ஆதுலசாலைக்கு நிலம் ஈந்தார். ஆதுலர் என்பார் பிணியாளர். அவர்க்கு மருத்துவம் செய்யும் குடியினர்க்கு அந்நிலம் மருத்துவக்காணியாக விடப்பட்டது. மருத்துவன் ஊர் ஊராகச் சென்று கூலி தேடாமல் ஓரிடத்தில் இருக்க வேண்டுமென்பதே அக்காணியின் கருத்து.

தஞ்சைச் சாலையின் அன்றாடக் கணக்கு எத்தகையது என ஊகிக்க, அதே குலத்து வீரராசேந்திரனின் கல்வெட்டொன்று துணை செய்கின்றது. கி.பி. 1068-ஐ ஒட்டிய காலத்தது. பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுகின்ற திருமுக்கூடலில், பெருமாள் கோயிற் சுவரில் உள்ளது. அங்கு வேதம் பயில்வோர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் என அமைந்த ஆதுலசாலையில் கிடைகள் பதினைந்து. மருத்துவனுக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை செய்வானுக்கு 30 கலம். மருந்துக்கு வேரும் அடுப்புக்கு விறகும் கொணர்ந்து மருந்து சமைப்பார் இருவர்க்கு 60 கலமும் 2 காசும். பிணியாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதன் ஒருவன், தண்ணீர் கொணர்வான் ஒருவன் ஆகியோர்க்கும் நெல் வகுக்கப்பட்டிருக்கின்றது. ஒவ்வொரு பிணியாளனுக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவில் எரிய ஒரு விளக்கு, அதற்கு எண்ணெய். கடுக்காய் சேர்ந்த மருந்துகள் பலவும், தைலங்களும், பழைய நெய்யுமாக ஏறக்குறைய இருபது வகை மருந்து ஓராண்டுக்குச் சேமித்து வைக்கப்பட்டன.

பழந்தமிழர்க்கு மருத்துவமனை இருந்தது என்று மேடையிற் பெருமை பேசுவோர் பதினைந்து கிடையோடு நின்றுவிடுகின்றனர். காட்டில் வேர் அகழ்ந்து வருவானுக்கும் கத்தி பிடித்துச் சல்லியம் களைவானுக்கும் நெல்லளவு ஒன்றாகவே வகுக்கப்பட்டது. வேர் கொணர்வானுக்கு அதன் மேலும் ஒரு காசு. இது கல்வெட்டில் தெளிவாக உள்ளது. வேர் வாராத நாளில் மருத்துவன் புலமை என் செய்யும்?

மராட்டியர் காலத்தும் இம்மரபு அற்றுப் போகவில்லை. இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) தஞ்சையில் தன்வந்திரி மகாலை அமைத்து மருந்துகளை ஆய்வித்தார். கைகண்ட முறைகளை அவைப்புலவர் தமிழ்ப் பாடல்களாக்கினர். பிற்காலத்தில் சரசுவதி மகால் நூல்நிலையம் அவற்றைச் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என அச்சிட்டது. ஆயினும் மன்னரின் உள்ளம் வெளிப்படுவது சத்திரங்களின் செய்தியில்தான். 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கும்பெனியார் கைக்குச் சென்றது. தஞ்சைக் கோட்டையும் அதன் சூழலுமே மன்னர்க்கு எஞ்சின. 1801-இல் அவர் ரெசிடெண்டு டோரின் துரைக்கு எழுதிய கடிதத்தில் வரியைப் பற்றியோ வரிசையைப் பற்றியோ அன்று, சத்திரங்களைப் பற்றியே மன்றாடுகின்றார். இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர் அங்கே உண்பதும், நோயுற்றோர் தேறும்வரை மருந்தும் பத்திய உணவும் பெற்றுத் தங்குவதும், நச்சுக்கடிக்கு மருந்தறிந்தோர் இருப்பதும், கருவுற்ற பெண்டிர் பேணப்படுவதும் அதில் விரித்துரைக்கப்படுகின்றன. நாடு போயினும் இவ்வறம் போகலாகாது என்பது அவர் வேண்டுகோள். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரால் அவர் எழுப்பிய சத்திரம் இவ்வேண்டுகோளை அடுத்து வந்தது.

1855-இல் மராட்டிய அரசு முடிந்தது. சத்திர நிலங்கள் அரசாங்க நிருவாகத்துள் வந்தன. நெல் அளந்த முறை மாறியது. மருத்துவர் இருந்து நோயாளரைத் தேற்றும் வழக்கம் காலப்போக்கில் மறைந்தது. யானையும் குதிரையும் இழுக்கும் தேர் போலச் செதுக்கிய முத்தாம்பாள் சத்திரத்தின் அடித்தளம் மட்டும் நிலைத்தது. பின்னாளில் பள்ளி மாணவர் தங்கும் விடுதியாகவும் அக்கட்டடம் பயன்பட்டது. புள்ளிருக்குவேளூரிலோ 2021-ஆம் ஆண்டு ஏப்பிரலில் குடமுழுக்கு நிகழ்ந்தது. சாந்துருண்டை அரைக்கும் பணி அங்கே இன்றும் நடைபெறுகின்றது.