கள்ளும் கோலும்: தென்னார்க்காட்டு மதுவிலக்கு வரலாற்றில் சில குறிப்புகள்

சங்கச் சான்றோர் கள்ளைப் பழித்தவர் அல்லர். அதியமான் மறைந்தபோது ஒளவையார் பாடிய கையறுநிலைப் பாடல் (புறநானூறு 235) அவன் தமக்குக் கள் வழங்கிய பாங்கை நினைந்தே தொடங்குகின்றது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் அதனை அறத்துப்பாலில் வைக்கவில்லை; பொருட்பாலில், சூதுக்கு முன்னர் வைத்தார். அப்பத்துக் குறட்பாக்களில் தாய் வருகின்றாள், சான்றோர் வருகின்றனர், நகைக்கும் ஊரார் வருகின்றனர். ஒறுக்கும் வேந்தன் வரவில்லை. பரிமேலழகர் முதற் குறளுக்கு உரை காணுமிடத்து அரசனைக் கொணர்கின்றார்; ஆனால் அவன் குடிப்பவனாகவே வருகின்றான்.

குடியைக் கோலால் தடுக்கும் முயற்சி இங்கு 1937இல் தொடங்கியது. அதற்கு முன் அரசுக்கும் கள்ளுக்கும் இருந்த உறவு, 1886ஆம் ஆண்டின் ஆயத்தீர்வைச் சட்டம் காட்டுவது போல், பெரும்பாலும் வருவாய் உறவே. திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' இதழை நடத்திய இராஜாஜி (கல்கி அவ்விதழில் துணைநின்றார் என்பது இலக்கிய அன்பர் அறிந்ததே) சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி வந்தது. குடிப்பவனைத் திருத்தும் செலவு குடிக்காதவன் வாங்கும் பொருள்மீதும் ஏறியது. போர்க்காலத்து ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. விடுதலைக்குப்பின், 1948இல், அது மாகாணம் முழுமைக்கும் பரவியது.

நெய்வேலி நிறுவனம் 1956இல் தோன்றியபோதும், அடுத்த ஆண்டு சுரங்கப் பணி தொடங்கியபோதும் இச்சட்டமே நடப்பில் இருந்தது. பல ஊர்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளரின் நகரியம் தன் முதற் பதினைந்து ஆண்டுகளைச் சட்டப்படி மதுக்கடை இன்றியே கழித்தது. எனினும் பிரெஞ்சு ஆட்சியிலும் அதன்பின்னும் மது விற்பனையைத் தடுக்காத புதுச்சேரி, மாவட்டத் தலைநகராகிய கடலூரை ஒட்டியே கிடந்தது. பணமும் மருத்துவச் சான்றும் உடையோர் உரிமச்சீட்டுப் பெற்று அயல்நாட்டு மதுவை அருந்தவும் இயன்றது. மண் அகழ்ந்து பிழைத்தவனுக்கு அச்சீட்டு எட்டாதது. மதுவிலக்கு பறித்த தனிமனித உரிமை குறித்துப் பேசுவோர், அவ்வுரிமையை எவர் இழந்தார், எவர் இழக்கவில்லை என்பதையும் சேர்த்தே பேசவேண்டும்.

இங்குப் பாவலர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பம்பாய் மாகாண மதுவிலக்குச் சட்டம், மது அருந்துவதை மட்டுமன்றி மதுவைப் பாராட்டிப் பேசுவதையும் குற்றமாக்கியிருந்தது. பல்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951இல் மதுவிலக்கை ஏற்றது. பாராட்டைத் தடுக்கும் பகுதியைப் பேச்சுரிமைக்கு முரணெனத் தள்ளியது. அப்பகுதி நிலைத்திருப்பின் ஒளவையாரின் கையறுநிலையை மேடையில் விதந்து பேசுவோரும் பம்பாயில் சற்றே அஞ்ச நேர்ந்திருக்கும்.

1971இல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1973, 1974 ஆண்டுகளில் கடைகள் மீண்டும் மூடப்பட்டன. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981இல் கள்ளும் சாராயமும் திரும்பின. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் நிறுவப்பட்டது. 1987இல் கள் மறுபடி தடைப்பட்டது. 1991இல் ஜெயலலிதா அரசு மலிவுவிலை மதுவை நிறுத்தியது. பின்னர், 2003இல், சில்லறை விற்பனை முழுவதையும் அக்கழகமே ஏற்றது. அவ்விற்பனைக்கான விதிகளும் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்டவையே. விலக்கும் சட்டமும் விற்கும் சட்டமும் ஒன்றாகிவிட்ட இந்நிலையில், குடிமகனின் உடல்நலம் கருதியே தடுக்கின்றோம் என்று அரசு சொல்லும் சொல் வலுவிழக்கின்றது.

அதன் விலையைக் கொடுத்தது பழைய தென்னார்க்காட்டு மண். 2001 நவம்பரில், நெய்வேலியை அடுத்த பண்ணுருட்டிப் பகுதியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 50க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே நஞ்சு 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மெத்தனால் உடலினுள் பார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைக் கெடுக்கும். பிழைத்தவர்க்கும் பார்வை திரும்புவது உறுதியில்லை. அவ்வூரில் அரசுக்கடைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆயினும் கூலியாளின் கைக்கு எட்டிய விலை கள்ளச்சாராயப் பொட்டலத்தினுடையதாகவே இருந்தது. மலிவான குடிக்கு மட்டும் விலக்கு நீடிக்க, அதனை நாடியவன் சட்டத்தின் கண்ணுக்கு அப்பாற்பட்ட இடத்தில் குடித்தான். அதே மாதத்தில் சட்டம் திருத்தப்பட்டு, உயிர்ப்பலி விளைவிக்கும் கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை வரை வகைசெய்யப்பட்டது.

கள்ளின் நிலையில் மாற்றம் ஏதும் வரவில்லை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம்; அதிலிருந்து கள் இறக்குவது 1987 முதல் குற்றம். கடலூரிலிருந்து வடக்கே சென்று எல்லையைக் கடந்தால், அதே மரத்தின் கள் புதுச்சேரியில் உரிமம் பெற்ற கடையில் விற்கப்படுகின்றது.