விழித்திரைக்குச் சென்ற அஞ்சற்காரன்

நெய்யாற்றின்கரை, பாறசாலை, ஒற்றசேகரமங்கலம் முதலிய எல்லைப்புற ஊர்களில் வாழும் தமிழன்பர்களுக்குத் திருவிதாங்கூர் அஞ்சலைப் பற்றிக் கேட்ட கதையாகவேனும் தெரிந்திருக்கும். மணி கட்டிய கோலுடன் அஞ்சற்காரன் பையைச் சுமந்து ஓடுவான். 1951-இல் அவ்வஞ்சல் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. அதே சமஸ்தானத்தில், 1813-இல், ராணி கௌரி லட்சுமி பாய் அம்மை குத்துவதற்கென ஒரு துறையை நிறுவினார். பசுவின் அம்மைக் கிருமி மனிதனைக் காக்கும் என்பதை நம் முன்னோர் அன்றே கண்டனர். இன்று வேறொரு கிருமி, அஞ்சற்காரனைப் போலப் பை சுமந்து, கண்ணுக்குள் செல்கிறது.

பிள்ளை அந்தியில் தடுமாறினால் வீட்டுப் பெரியவர்கள் முருங்கைக்கீரை சமைத்துக் கொடுப்பார்கள். வைட்டமின் ஏ குறைவால் வந்த மாலைக்கண்ணுக்கு அது தக்க உணவே. ஆயினும் பிறவியிலேயே வரும் ஒரு வகைக்கு அது பயன்படுவதில்லை. அந்நோயில் வைட்டமினுக்குக் குறைவிராது. அதனை ஒளியுணரும் வடிவத்திற்கு மாற்றும் நொதியம் மட்டும் விழித்திரையில் இராது. ஆர்.பி.இ. 65 என்னும் மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்று வருவதே காரணம். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுடைய நம்மவர் இதனைக் கருத வேண்டும். நெருங்கிய உறவில் ஒரே பழுது இருபுறமும் இருக்க வாய்ப்பு மிகுதி.

பழுதற்ற மரபணுவை உள்ளே கொண்டு சேர்ப்பது யார்? 1965-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் அட்சிசன் முதலிய ஆய்வாளர்கள், அடினோ வைரஸுடன் ஒட்டித் திரிந்த மிகச் சிறிய வைரஸ் ஒன்றைக் கண்டனர். அது மனிதருக்கு நோய் தருவதாகத் தெரியவில்லை. 1983-இல் அருண் ஸ்ரீவாஸ்தவா என்னும் இந்திய அறிஞரும் அவர்தம் தோழரும் அதன் மரபெழுத்து முழுவதையும் படித்து வெளியிட்டனர். அதன் சொந்தக் கடிதங்களை நீக்கிவிட்டு நம் கடிதத்தை வைத்து அனுப்புவதே முறை. இவ்வாறு சுமப்பதை ஆங்கிலத்தில் வெக்டார் என்பர். 'கடத்தி' என்று தமிழாக்கினால் கள்ளக்கடத்தலை நினைவூட்டுகிறது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு அஞ்சற்காரன் என்பதே பிடித்திருக்கிறது.

இவ்வழி எளிதாக அமைந்துவிடவில்லை. 1999-இல் பென்சில்வேனியாவில், கல்லீரல் நோய்க்காக அடினோ வைரஸ் ஏற்றப்பெற்ற ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்னும் 18 வயது இளைஞர் நான்கே நாளில் இறந்தார். அந்த மரணம் துறை முழுவதையும் அச்சுறுத்தியது.

இருந்தும் கண்ணில் நம்பிக்கை தொடர்ந்தது. கண் சிறியது, ஏறக்குறைய மூடிய அறை போன்றது, உடலின் எதிர்ப்பு ஆற்றல் அங்கே அடங்கியே இயங்கும். விழித்திரை உயிரணுக்கள் பெருகிப் பிரிவதில்லையாதலால், சேர்த்த மரபணு கலைந்துபோவதும் இல்லை. 2001-இல் லான்சலட் முதலிய பிறவிக் குருட்டு நாய்கள் பார்வை பெற்ற செய்தி வெளிவந்தது. 2007-இல் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் மனிதரிடம் சோதனைகள் தொடங்கின. பிலடெல்பியாவில் ஜீன் பென்னட், ஆல்பர்ட் மக்வயர் தம்பதியர் இப்பணியில் முன்னின்றனர். 2017-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப்பின் சிகிச்சை பெற்ற 20 பேரில் 13 பேர் மிக மங்கிய ஒளியில் தடைகள் வைத்த பாதையைக் கடந்தனர். சிகிச்சை பெறாத 9 பேரில் ஒருவரும் கடக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு இம்மருந்தை ஏற்றது.

ஒரு கண்ணுக்கு 15,000 கோடி வைரஸ் துகள் செலுத்துகின்றனர். எண் பெரிதெனினும், உடல் முழுவதற்கும் ஏற்றும் அளவோடு ஒப்பிட்டால் அற்பமே. 2020-இல் ஒரு தசைநோய்ச் சோதனையில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 3 கோடி கோடி துகள் பெற்ற சிறுவர் மூவர் மாண்டனர்.

அதற்காகக் கண்ணில் இடரே இல்லையென்று கூறலாகாது. 2021-இல் நீரிழிவால் விழித்திரை வீங்கியோருக்கு நடந்த சோதனையில், மிகுந்த அளவு பெற்ற ஒருவர் அழற்சியால் அக்கண்ணின் பார்வையை இழந்தார். ஏற்கப்பட்ட மருந்திலும், ஊசி செலுத்திய இடத்தைச் சுற்றி விழித்திரை மெலிவது சிலரிடம் காணப்பட்டது. 2015-இல் வெளியான இரு ஆய்வுகளில், பெற்ற பார்வை சில ஆண்டுகளில் குறைந்ததாகவும் தெரிந்தது. இறந்த உயிரணுவை எந்த மரபணுவும் எழுப்புவதில்லை; ஆகவே இளமையிலேயே நோயை அறிவது முதன்மையாகிறது.

இரு கண்களுக்கும் மருந்தின் விலை 8,50,000 டாலர் என அறிவிக்கப்பட்டது. நம் நாட்டில், வேலூரில் ஆய்வுப் பயிற்சி பெற்ற ஜெயந்தரன் கிரிதர ராவ், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கிய மரபணு மருத்துவ நுட்பம் 2022-இல் ஓர் இந்திய நிறுவனத்திற்கு உரிமம் தரப்பட்டது. அது மருந்தாகும் வரை குடும்பத்தார் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கீரையும் வைட்டமினும் கொடுத்தும் அந்தியில் தடுமாறும் குழந்தையை விழித்திரை மருத்துவரிடம் காட்டி, இரத்தத்தில் மரபணுச் சோதனை வேண்டுமா என்று கேட்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயத்திலும் இதற்கான ஆய்வுக்கூடங்கள் உள்ளன.