எண்ணெய்க் கணக்கும் குடும்பக் காடியும்

வகுப்பில் 'மகிழுந்து' என்று எழுதச் சொல்லிக் கொடுக்கிறோம். பள்ளி முடிந்ததும் அதே பிள்ளை, "டீச்சர், அப்பா காடி வந்துருச்சு" என்று ஓடுகிறது. இந்தக் காடி நம் வீட்டு வாசலுக்கு எப்போது வந்தது? ஏன் பெரும்பாலும் சின்னக் காடியாகவே வந்தது? சிலிபின், புந்தோங் பக்கம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு, பிள்ளைகள் தினமும் ஏறி இறங்கும் இந்த வண்டியே நல்ல பாடப்பொருள்.

தோட்டத்தில் காடி தேவைப்படவில்லை

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்க்கை நடைதூரத்துக்குள் அடங்கியிருந்தது. விடியற்காலை பெரட்டு, லயத்துக்குப் பக்கத்திலேயே. பால்மரம் வெட்டும் நிரை, ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், மளிகைக்கடை எல்லாம் காலால் நடந்து போகும் தூரம். துரைக்குக் கார் இருந்தது. கிராணிக்கு மோட்டார் சைக்கிள் இருக்கலாம். மற்றவர்களுக்கு சைக்கிள். பட்டணத்துக்குப் போக பஸ் அல்லது தோட்டத்து லாரி. வசதி குறைவு, கூலி குறைவு. ஆனால் வேலைக்குப் போகவோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவோ எண்ணெய்க்குக் காசு கட்ட வேண்டியதில்லை.

1950களிலும் 60களிலும் இந்த அமைப்பு உடையத் தொடங்கியது. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்கிறோம். வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன குடும்பங்கள் ஏராளம். இதற்கு ஒரு மாற்றாகத்தான் நம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கிய கதை நமக்குத் தெரிந்ததே. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் தோட்டமே வீடமைப்புப் பகுதியானது. மக்கள் ஈப்போ ஓரங்களுக்கு வந்தார்கள். இப்போது வேலை தாசேக்கிலோ மெங்லெம்புவிலோ. பள்ளி ஒரு திசை. குலதெய்வக் கோயில் இன்னும் பழைய தோட்டத்தில். நடந்து முடித்த வாழ்க்கை, ஓட்டி முடிக்க வேண்டிய வாழ்க்கையானது.

முதலில் கப்சாய், பிறகு கஞ்சில்

முதலில் கைகொடுத்தது ஹோண்டா கப் மோட்டார். இன்றும் நாம் 'கப்சாய்' என்று சொல்வது அந்த இனத்தைத்தான். அப்பா ஓட்ட, முன்னால் ஒரு பிள்ளை, அம்மா பின்னால், நடுவில் இன்னொரு பிள்ளை. மழை வந்தால் பாலத்தடியில் ஒதுங்க வேண்டும். மூன்றாவது பிள்ளை பிறந்ததும் மோட்டார் போதாது.

அந்தக் காலத்தில் உலகமும் சின்னக் கார் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. பீப்பாய் ஏறக்குறைய 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பெரிய எஞ்சின் வைத்த கார்கள் வீட்டுக்குப் பாரமாயின. ஜப்பானியரின் சிறிய கார்கள் உலகச் சந்தையைப் பிடித்தன. நம் நாட்டுச் சாலைகளில் டட்சன் 120ஒய், டொயோட்டா கொரோலா நிறைந்தது இந்தக் காலத்தில்தான். அவற்றையும் நம்மவர்களில் பலர் செகண்ட்ஹேண்டாகத்தான் வாங்கினார்கள்.

1983இல் புரோட்டோன் நிறுவனம் உருவானது. மிட்சுபிசியின் தொழில்நுட்பத்தோடு, 1985 ஜூலை 9இல் முதல் தேசியக் கார் புரோட்டோன் சாகா வெளிவந்தது. ஆனால் தோட்டத்திலிருந்து வந்து தொழிற்சாலையில் மாதச் சம்பளம் வாங்கிய குடும்பத்துக்கு உண்மையான திருப்பம் 1994 ஆகஸ்டில் வந்தது. அதன் பெயர் பெரோடுவா கஞ்சில். மூன்று சிலிண்டர், 660 சிசி எஞ்சின். மலாய்க் கதைகளில் முதலையை ஏமாற்றி ஆற்றைக் கடக்கும் குட்டிச் சருகுமானின் பெயர் அதற்கு. சின்ன உருவம், குறைந்த தீனி, பெயர் பொருத்தம்தான். அதே 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் முழுமையாகத் திறக்கப்பட்டது. தூரத்துச் சொந்தங்கள் கிட்டத்தில் வந்தார்கள்.

சின்ன எஞ்சினை விரும்ப இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் ரோட் டாக்ஸ் எஞ்சின் அளவைப் பார்த்தே வருகிறது. தீபகற்பத்தில் 1000 சிசி வரை தனியார் காருக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி. 1,401 முதல் 1,600 சிசி வரை 90 வெள்ளி. கஞ்சிலுக்குப் பின் 2001இல் கெலிசா, 2005இல் மைவி, 2007இல் விவா, 2014இல் அசியா என்று சின்னக் கார் வரிசை நீண்டதற்கு இந்த வரியும் ஒரு காரணம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அசியா லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று நிறுவனம் அறிவித்தது. அந்த ஆண்டுதான் அரசின் வாகனக் கொள்கையில் எரிபொருள் சிக்கனம் ஓர் அளவுகோலாகச் சேர்ந்தது.

குடும்பமும் மாறியது, சட்டமும் மாறியது

கஞ்சிலில் ஐந்து பேர் உட்காருவதே நெருக்கம். ஆனாலும் தைப்பூசத்தன்று கல்லுமலைக்கு ஏழெட்டுப் பேர் அதில் போய் இறங்கிய கதை பல வீடுகளில் உண்டு. அப்போது யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. 2009 ஜனவரி 1 முதல் பின் இருக்கையிலும் பெல்ட் கட்டாயமானது. 2020 ஜனவரி 1 முதல் குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயமானது. மடியில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்ற கணக்கு இனிச் செல்லாது. ஒரு தலைக்கு ஒரு பெல்ட். குழந்தை இருக்கை இரண்டு வைத்தால், சின்னக் காரின் பின்பக்கத்தில் பாட்டிக்கு இடமில்லை.

2009இல்தான் புரோட்டோன் எக்சோராவும் பெரோடுவா அல்சாவும் ஏழு பேர் அமரும் கார்களாக வந்தன. வேடிக்கை என்னவென்றால், 1970இல் நம் நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறக்குறைய ஐந்து பிள்ளைகள்; இப்போது இரண்டுக்கும் கீழே. குடும்பம் பெரிதாக இருந்தபோது வாங்க முடிந்தது சின்னக் காடி. குடும்பம் சுருங்கிய பிறகுதான் ஏழு இருக்கை கிடைத்தது.

வாங்கும் முன் ஒரு கணக்கு

2008 ஜூன் 5இல் பெட்ரோல் ஒரே இரவில் 1.92 வெள்ளியிலிருந்து 2.70 வெள்ளிக்கு ஏறியதைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். விலை பிறகு இறங்கியது. ஆனால் எண்ணெய் விலை நம் கையில் இல்லை என்ற பாடம் நின்றுவிட்டது. நம் கையில் இருப்பது கார்த் தேர்வுதான்.

ஒரு குடும்பம் வேலைக்கும் பள்ளிக்குமாக நாளுக்கு 40 கிலோமீட்டர், மாதம் 22 நாள் ஓடுகிறது என்று வைப்போம். மொத்தம் 880 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 88 லிட்டர் வேண்டும். 16 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 55 லிட்டர் போதும். லிட்டர் 2 வெள்ளி என்றால் வித்தியாசம் மாதம் 66 வெள்ளி, ஆண்டுக்கு 792 வெள்ளி. ஒன்பது ஆண்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் 7,128 வெள்ளி. ஒரு பிள்ளையின் டியூஷன் காசு அதில் அடங்கும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஆகச் சின்னதை வாங்கிவிடவும் கூடாது. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறும்போது, ஆயிரம் சிசி எஞ்சின் திணறி, கூடுதல் எண்ணெய் குடிக்கும். வருடத்தில் எத்தனை நாள் ஆறு பேர் போகிறோம், எத்தனை நாள் இரண்டே பேர் போகிறோம் என்று எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். டயரில் காற்று குறைந்தாலும், தேவையில்லாத சாமான் ஏற்றி வைத்தாலும் எண்ணெய் வீணாகும்.

பள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிறையவே இருக்கிறது. பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல தோட்டத்துக்குள் பிறந்தவை. மக்கள் பெயர்ந்துவிட்டார்கள், சில பள்ளிகளும் கூடவே பெயர்ந்து வந்தன, சில அங்கேயே நிற்கின்றன. வீட்டு வாசலில் வேறு பள்ளி இருக்க, பத்துக் கிலோமீட்டர் தள்ளித் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவரும் தகப்பன், மொழிப்பற்றோடு எண்ணெய்க் காசையும் சேர்த்துக் கொடுக்கிறார். "காடி ரிப்பேர் சார், நாளைக்குப் பிள்ளை வராது" என்று அவர் சொல்லும்போது, அதை அலட்சியம் என்று வருகைப் பதிவேட்டில் முடித்துவிடாமல் இந்த வரலாற்றையும் நினைத்துக்கொள்வோம். ஒரே பாதையில் வரும் நான்கு வீட்டுப் பிள்ளைகளை ஒரே காடியில் சேர்த்துவிட, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தால் முடியும்.

வகுப்பில் செய்ய ஒரு வேலை: தாத்தா பாட்டி முதல் இன்றுவரை வீட்டில் இருந்த வண்டிகளைப் பிள்ளைகள் வரிசைப்படுத்தட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அப்போது குடும்பம் இருந்த ஊரையும், பள்ளிக்கு இருந்த தூரத்தையும் எழுதட்டும். சைக்கிளில் தொடங்கி மைவியில் முடியும் அந்தப் பட்டியலில், தோட்டத்திலிருந்து சிலிபினுக்கு வந்த பாதை முழுவதும் தெரியும்.